நடுக்கடையில் ஒரு தூண்

கிளிநொச்சியில் இறைப்பு இயந்திரம் திருத்துபவர்கள் பலர் உண்டு. ஆனால், இயந்திரத்தின் சொந்தக்காரர் பக்கத்தில் நில்லாத வேளையில் அதன் ஓர் ஆணியைத்தானும் கழற்றாதவர் யோகநாதன் ஒருவரே. வைத்துவிட்டுப் பின்னேரம் வருவதாகச் சொல்லிப் புறப்படும் கமக்காரரை அவர் போகவிடமாட்டார். கதிரையொன்றை இழுத்துப் போட்டு, "இருங்கோ. உங்கட கண்ணுக்கு முன்னாலதான் திறப்பன்" என்பார். கழற்றிய உதிரிகளை, விரித்த சாக்கின்மேல் கழற்றிய ஒழுங்கிலேயே அடுக்குவார். தேய்ந்தது எது, தேயாதது எது என்று தொட்டுக் காட்டுவார். இந்தப் பொறுமை இல்லாத சிலர் வேறு கடை தேடிப் போனதுண்டு. ஆயினும், அவரிடம் கொடுத்த இயந்திரத்தில் நல்ல உதிரி மாறிவிட்டது என்று முப்பது ஆண்டுகளில் ஒருவரும் சொன்னதில்லை.

அப்படிப்பட்ட மனிதர் பதினைந்து ஆண்டுகளாக ஒன்றை மூடி வைத்திருந்தார். அது அவருடைய தலைக்கு மேலேயே இருந்தது.

அவருடைய கடை இருந்த கட்டடத்தை ஊரார் ஆறுகடைக் கட்டடம் என்றார்கள். கீழே மூன்று, மேலே மூன்று. போர்நிறுத்தத்தில் ஏ9 பாதை திறந்ததற்கு அடுத்த ஆண்டு, 2003இல், ஒருவர் கட்டி, ஆறு பேருக்கு ஆறு உறுதிப் பத்திரங்களாக எழுதி விற்றார். நிலமும் அத்திவாரமும் படிக்கட்டும் கூரையும் ஆறு பேருக்கும் பொது. சுவர்களுக்கு உள்ளே இருப்பது அவரவருக்குச் சொந்தம். அக்காலத்தில் சீமெந்து வந்துவிட்டது. கட்டடக் கம்பிதான் நினைத்தபோது கிடைக்கவில்லை. எனவே கட்டியவர், கைவிடப்பட்ட புகையிரதப் பாதையின் தண்டவாளங்கள் மூன்றை எங்கிருந்தோ தேடியெடுத்து, கீழ்க்கடை ஒவ்வொன்றின் நடுவிலும் ஒன்றாகக் குறுக்கே போட்டு, அவற்றின்மேல் மேல்மாடித் தளத்தை ஏற்றினார். பின்னர் மூன்றையும் சீமெந்தால் மூடிப் பூசினார். பார்ப்பவர்களுக்கு அவை கொங்கிறீற் உத்தரங்கள். உண்மை, வாங்கிய ஆறு பேருக்குத் தெரியும்.

அந்த ஆறு பேரில் இன்றும் அங்கே கடை நடத்துபவர் யோகநாதன் மட்டுமே. கீழே நடுக்கடை அவருடையது. மற்றையவர்களில் சிலர் வெளிநாடு போனார்கள், ஒருவர் இறந்துபோனார், சிலர் விற்றுவிட்டு வவுனியாவில் குடியேறினார்கள். கட்டியவரும் போய்ச் சேர்ந்துவிட்டார். ஆகவே, தண்டவாளங்களைப் பற்றித் தெரிந்தவர் அங்கே ஒருவரே எஞ்சினார்.

மேலே, யோகநாதனின் தலைக்கு நேர் மேலே, எமில்டாவின் தையற்கடை இருந்தது. எமில்டா முல்லைத்தீவுக் கரையைச் சேர்ந்தவர். கணவர் ஸ்ரீபன் கடற்றொழிலாளி. ஆழிப்பேரலையில் வீடும் வள்ளமும் போயின. சில ஆண்டுகளின் பின்னர் ஒரு காய்ச்சலில் ஸ்ரீபனும் போனார். அதற்குப் பிறகு எமில்டாவுக்குக் கடலின் பக்கம் இருக்க மனம் வரவில்லை. தையல் மெஷின் ஒன்றோடு கிளிநொச்சிக்கு வந்து, வாடகை வீட்டின் விறாந்தையில் தைத்துத் தைத்து, 2012இல் அந்த மேல்மாடிக் கடையை வாங்கினார். அவருடைய பெயரில் எழுதப்பட்ட முதல் உறுதி அதுதான். அதைப் பிளாத்திக்கு உறையில் போட்டு, மாதா படத்தின் பின்னால் வைத்திருந்தார்.

வாங்குவதற்கு முதல் நாள், கீழ்க்கடையில் நின்று யோகநாதனைக் கேட்டார். "அண்ணை, நீங்கள் தொடக்கத்தில இருந்து இஞ்ச நிக்கிறனீங்கள். நல்ல கட்டடமோ?"

"ஓம்" என்றார் யோகநாதன்.

பதின்மூன்று ஆண்டுகள் கீழும் மேலுமாக அவர்கள் தொழில் நடந்தது. யோகநாதன் இயந்திரத்தை முடுக்கிப் பார்க்கும்போதெல்லாம் புகை படிக்கட்டு வழியே மேலே ஏறும். எமில்டா யன்னலால் எட்டிப் பார்த்து, தேவாலயத்தில் முதல்நன்மை வாங்கும் பிள்ளைகளுக்கென்று தைத்து வைத்த வெள்ளைச் சட்டையெல்லாம் சாம்பல் படிகிறது என்பார். "பிள்ளையள் முதல்நன்மைக்கோ போறது, விபூதிப் புதனுக்கோ?"

"விபூதியெண்டால் பயமில்லைத் தங்கச்சி. எங்கட ஆக்களும் வந்து தைப்பினம்" என்பார் யோகநாதன்.

2023ஆம் ஆண்டு மார்கழி மழையில் ஆறுகடைக் கட்டடத்தைச் சுற்றி நான்கு நாள்கள் தண்ணீர் நின்றது. வடிந்த பிறகு பார்த்தால், எமில்டாவின் கடைத்தளத்தில் கை விரல் நுழையும் அளவுக்கு ஒரு வெடிப்பு. நடுவில் தளம் தாழ்ந்து, கீழே விழுந்த பொத்தான் தானாகவே நடுவை நோக்கி உருண்டது. பிரதேச சபையிலிருந்து அறிவித்தல் வந்தது: திருத்துங்கள், இல்லையேல் வெளியேறுங்கள்.

திருத்துவதற்கு ஆறு பேரும் ஒருமனப்பட வேண்டும். ஆறு பேர் ஆறு சொன்னார்கள். ஒருவருக்குக் கூரை முக்கியம், ஒருவருக்குப் படிக்கட்டு, கொழும்பில் இருந்த ஒருவர் தொலைபேசியை எடுப்பதேயில்லை. ஓர் ஆண்டு இப்படிக் கழிந்தது. கடைசியில், மேலே வலப்பக்கம் படப்பிடிப்புக் கடை வைத்திருந்த ஜனார்த்தனன் பொறுக்கமாட்டாமல் மாவட்ட நீதிமன்றத்தில் மனுச் செய்தார். நீதிபதி கேட்டுவிட்டு, பொறியியலாளர் ஒருவரின் அறிக்கையோடு திருத்தத் திட்டமொன்றைத் தயாரித்துக் கொண்டுவரும்படி கட்டளையிட்டார். மன்று அதை ஆராய்ந்து அங்கீகரித்தால், விரும்பியவர் விரும்பாதவர் எல்லோரையும் அது கட்டுப்படுத்தும். இனிமேல் வாங்குபவரையும் கட்டுப்படுத்தும்.

பொறியியலாளராக வந்தவர் யதுர்ஷிகா. முப்பது வயதும் ஆகாதவர். வேலையில் அலட்சியம் இல்லாதவர். வெடிப்புகளின் குறுக்கே சிறு கண்ணாடித் துண்டுகளை வைத்து, இரு முனையும் சாந்தால் ஒட்டி, பக்கத்தில் திகதி எழுதினார். கட்டடம் அசைந்தால் கண்ணாடி உடையும். உடையாவிட்டால் வெடிப்பு பழையது, பயமில்லை. மொத்தம் பதினொரு துண்டுகள். ஒட்டிக்கொண்டு வரும்போது நடுக்கடைக்குள் நின்று மேலே பார்த்து, "ஐயா, இந்தப் பீமும் மற்ற ரெண்டையும் போலத்தானே?" என்று கேட்டார்.

"ஓம்" என்றார் யோகநாதன்.

மூன்றாவது வாரத்தில் எமில்டாவின் தளத்தில் ஒட்டிய கண்ணாடி உடைந்தது. மற்றைய பத்தும் அப்படியே இருந்தன.

திட்டத்தின் வரைவை வாசிப்பதற்காக உரிமையாளர்கள் ஒரு ஞாயிறு முற்பகல் யோகநாதனின் கடையில் கூடினார்கள். ஆறு பேர் கதிரை போட்டு இருக்கக்கூடிய நிலம் அங்கேதான் இருந்தது. சட்டத்தரணி துசியந்தன் நின்றுகொண்டே வாசித்தார். ஏழாம் பிரிவுக்கு வந்தபோது அவருடைய குரல் சற்றுத் தாழ்ந்தது. மேல்மாடி நடுக்கடையில் மிகைப்பாரம் ஏற்றப்பட்டிருக்கிறது. தண்ணீர்த் தாங்கியும் கனமான இரண்டு தையல் மெஷின்களும் அங்கே உள்ளன. தளம் மேலும் தாங்காது. ஆதலால் அந்தக் கடையை முற்றாக அகற்றி, இரு பக்கக் கடைகளையும் தனித்தனியே காப்பது. அதன் உரிமையாளருக்கு மற்றைய ஐவரும் ஈடு கொடுப்பது.

எமில்டா மடியில் இருந்த கைப்பையின் கொளுக்கியைத் திறந்து பூட்டினார். "தாங்கியை இறக்கிறன். மெஷினையும் ஒண்டாக்கிறன். கடையை மட்டும் எடுக்காதேங்கோ" என்றார்.

யதுர்ஷிகா ஆறுதலாகவே பதில் சொன்னார். பாரத்தை இப்போது குறைத்தாலும் தளம் எழும்பாது; அது ஏற்கெனவே தாழ்ந்துவிட்டது; கீழே உள்ள உத்தரம் மற்றைய இரண்டையும் போன்றதுதான் என்பதால் குறை மேலேதான் இருக்கவேண்டும். அவருடைய கணக்கு சரியாகவே இருந்தது. அந்தக் கணக்குக்குக் கொடுக்கப்பட்ட ஒரு சொல்தான் பிழை.

வழக்கு மூன்று வாரம் கழித்துத் தவணையிடப்பட்டிருந்தது. அன்றைக்குள் கையொப்பம் வேண்டும். எல்லோரும் எழுந்து போனபின் எமில்டா மட்டும் படிக்கட்டின் அடியில் நின்றார்.

"அண்ணை, இது என்ர தாங்கியாலயோ வந்தது?"

யோகநாதன் கையில் இருந்த எண்ணெய்த் துணியை மடித்தார். "தெரியேல்லத் தங்கச்சி" என்றார்.

அவருக்குத் தெரியும்.

2008ஆம் ஆண்டு ஐப்பசியில் போரால் கிளிநொச்சி முழுவதும் பெயர்ந்து கிழக்கே போய்க்கொண்டிருந்தது. அப்போது வன்னியில் இடம்பெயர்ந்தவர்கள் சட்டி பானையோடு மட்டும் போகவில்லை. கூரை ஓட்டையும் தகரத்தையும் கதவு நிலையையும் கழற்றி உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றிக்கொண்டுதான் போனார்கள். போகும் இடத்தில் மரமும் இல்லை, தகரமும் இல்லை என்பது எல்லோருக்கும் தெரியும். யோகநாதனின் மகன் விதுசனுக்கு அப்போது நான்கு வயது. விசுவமடுவில் ஒரு காணி கிடைத்திருந்தது. பதுங்குகுழியையும் வெட்டியாயிற்று. அதன்மேல் போடத்தான் ஒன்றும் இல்லை. பனங்குற்றி போட்டவர்களின் குழிகள் எப்படிப் போயின என்று அவர் தம் கண்ணாலேயே கண்டிருந்தார்.

மேல்மாடி அப்போது வெறுமையாகிவிட்டது. அதன் கூரையையும் அதன் சொந்தக்காரரே கழற்றிக்கொண்டு போய்விட்டார். யோகநாதனும் மைத்துனர் பாலனும் நடுக்கடைக்குள் பாரம் உயர்த்தும் ஜக்குகள் இரண்டை நிறுத்தித் தளத்தைத் தாங்கி, பூச்சை உடைத்து, தண்டவாளத்தை உருவினார்கள். தளத்தை அப்படியே விட்டுவிட்டுப் போக யோகநாதனுக்கு மனம் வரவில்லை. பின்வளவில் கிடந்த பனங்குற்றி ஒன்றைச் சீவி அதன் இடத்தில் செருகினார். திரும்பி வரும்வரைக்கும் தாங்கினால் போதும் என்பது அவருடைய எண்ணம்.

அந்தத் தண்டவாளம் பதினாறு நாள் அவர்களைத் தாங்கியது. அதன்பின் அங்கிருந்தும் எழும்பவேண்டி வந்தது. தண்டவாளத்தைத் தூக்க நேரமில்லை.

2010இல் திரும்பி வந்தபோது விசுவமடுப் பக்கம் கண்ணிவெடி அகற்றிக்கொண்டிருந்தார்கள். அந்தக் காணிக்குப் போகமுடியவில்லை. கடையைத் திறக்காமல் சோறில்லை. யோகநாதன் பனங்குற்றியைச் சுற்றிக் கோழிக்கூட்டு வலை அடித்து, சதுரமாகச் சீமெந்து பூசினார். பூச்சு நன்றாக வந்தது. மற்றைய இரண்டையும்விட நேராக வந்தது. மேலே புதிய கூரை ஏறியது. பிறகு புதிய சொந்தக்காரர் வந்தார். அடுத்த போகத்துக்கு மாற்றிவிடுவோம், அதற்கடுத்த போகத்துக்கு மாற்றிவிடுவோம் என்று இருந்து, ஒரு கட்டத்தில் அந்த நினைப்பையும் பூச்சுக்குள் வைத்துப் பூசிவிட்டார்.

அன்று மத்தியானம் வட்டக்கச்சி வீட்டில் யோகநாதன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். மனைவி ஜெகதீஸ்வரி இரண்டாம் முறை குழம்பு விட வந்து, சோற்றுக்கோப்பையைப் பார்த்துவிட்டு அகப்பையைத் திரும்பச் சட்டிக்குள் போட்டார்.

"உந்தப் பனங்குத்தியை நீங்களே விழுங்கினமாதிரி இருக்கிறியள்."

யோகநாதன் நடந்ததைச் சொன்னார். சொல்லும்போது தன் பக்கத்து நியாயத்தையும் விடவில்லை. உத்தரம் பனை என்று தெரிந்தால் யதுர்ஷிகா என்ன செய்வார் என்பதை அவர் முன்னமே யோசித்துப் பார்த்திருந்தார். நடுக்கடையின் நட்டநடுவில் ஒரு தூண் எழுப்புவதைத் தவிர வேறு வழியில்லை. தூண் வந்தால் இரு பக்கமும் ஐந்தைந்து அடிதான் மிஞ்சும். இருசக்கர உழவு இயந்திரமான லாண்ட்மாஸ்டரை உள்ளே கொண்டுவந்து திருப்ப முடியாது. விதைப்புக் காலத்தில் அவருடைய வேலையில் பாதி லாண்ட்மாஸ்டர்தான்.

ஜெகதீஸ்வரி முழுவதையும் கேட்டார். அந்தப் பதினாறு நாளும் அவரும் அந்தக் குழிக்குள் இருந்தவர். "அதைக் கழட்டினதுக்கு எனக்கு ஒரு வெட்கமும் இல்லை. இண்டைக்கும் கழட்டுவன். ஆனால் அந்தப் பிள்ளை தன்ர தாங்கியால எண்டு நினைச்சுக்கொண்டு வீட்டை போயிருக்கிறா" என்றார்.

"சொன்னால் சண்டைக்கு வருவா."

"வரட்டும். நீங்கள் என்ன, சண்டைக்குப் பயந்த ஆளோ? வாய்க்கால் தண்ணிக்கு என்ர தமையனோட எத்தினை வருசம் பிடிச்சனீங்கள்?"

யோகநாதன் மீதியைக் குழைத்து உண்டார். சோறு முடிந்தது.

மறுநாள் காலையில் அவர் கடை திறக்குமுன் படிக்கட்டேறினார். ஒவ்வொரு கடை வாசலிலும் நின்று ஒரே சொல்லைச் சொன்னார்: சனிக்கிழமை பத்து மணிக்கு வரவேண்டும், ஒன்று திறக்கவேண்டியிருக்கிறது, சொந்தக்காரர் எல்லோரும் பக்கத்தில் நிற்கவேண்டும். என்ன இயந்திரம் என்று ஜனார்த்தனன் கேட்டார். வந்து பார்க்கும்படி சொல்லிவிட்டு இறங்கினார். யதுர்ஷிகாவுக்கும் துசியந்தனுக்கும் தொலைபேசி எடுத்தார். கொழும்பில் இருந்தவர் அன்றைக்கும் எடுக்கவில்லை.

சனிக்கிழமை வந்தவர்கள் கடைக்குள் கண்டது இதுதான்: நிலத்தில் கழுவிக் காயவைத்த சாக்கு ஒன்று விரித்திருந்தது. உத்தரத்தின் இரு பக்கமும் ஜக்குகள் நிறுத்தி, குறுக்குப் பலகை கொடுத்துத் தளம் தாங்கப்பட்டிருந்தது. நடுவில் ஏணி. யோகநாதன் வெள்ளைச் சாரம் உடுத்து, கையில் உளியும் சுத்தியலும் வைத்திருந்தார்.

"இது என்ர கடைக்குள்ள இருந்தாலும் எல்லாருக்கும் பொதுவானது. அதாலதான் கூப்பிட்டனான்" என்று சொல்லி ஏணியில் ஏறினார்.

முதல் துண்டு பூச்சு பெயர்ந்தது. அவர் இறங்கி அதைச் சாக்கின் இடப்பக்கத்தில் வைத்தார், மறுபடியும் ஏறினார். இரண்டாவது துண்டை அதன் பக்கத்தில் வைத்தார். பூச்சுக்குப் பின்னால் துருப்பிடித்த வலை தெரிந்தது. குறட்டால் அதை வெட்டி விலக்கினார். வலைக்குப் பின்னால், இரும்பு இருக்கவேண்டிய இடத்தில், கறுத்துச் சிம்பு சிம்பாகப் பனை தெரிந்தது.

"உதென்ன, பனையோ?" என்றார் ஜனார்த்தனன்.

யோகநாதன் ஏணியைவிட்டு விலகி, யதுர்ஷிகாவை ஏறும்படி காட்டினார். அவர் ஏறிப் பார்த்தார். திருப்புளியைக் கேட்டு வாங்கி, பனையின் நடுவில் குத்தினார். அது பிடிவரைக்கும் உள்ளே போனது. வெளிவைரம் நின்றிருந்தது, உள்ளே கறையான் தின்று மண்ணாக்கியிருந்தது. மழைநீர் எந்த வழியால் இறங்கியது, எப்படி ஊறியது என்று அவர் யாருக்கென்றில்லாமல் மெதுவாகச் சொன்னார். பிறகு யோகநாதனைப் பார்த்தார்.

"ஐயா, நான் கேட்டனான்தானே."

"கேட்டனீங்கள் பிள்ளை. பிழை என்ரதான்."

தண்டவாளத்தின் கதையை அவர் நின்ற இடத்திலேயே சொன்னார். எந்த ஆண்டு, எவ்வளவு நீளம், யார் பிடித்தது, எங்கே போனது. இயந்திரத்தின் குறையைக் கமக்காரருக்குச் சொல்லும் அதே குரலில், கூட்டாமல் குறைக்காமல் சொன்னார். பதுங்குகுழி என்றபோது ஜனார்த்தனன் தலையைக் குனிந்தார். அவரும் தம் வீட்டு நிலைக்கதவைக் கழற்றிக் கொண்டுபோனவர்தான்.

எமில்டா சாக்கின் பக்கத்தில் குந்தி, ஒரு பூச்சுத் துண்டைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் வாங்கேக்க உங்களைத்தான் கேட்டனான்."

"ஓம்."

"நல்ல கட்டடமோ எண்டு கேட்டனான்."

"ஓம் எண்டு சொன்னனான்."

"இந்தப் பதின்மூண்டு வருசமும் நான் பனையில நிண்டு தைச்சிருக்கிறன்" என்றார் எமில்டா. துண்டை எடுத்த இடத்திலேயே, முதலாவதற்கும் மூன்றாவதற்கும் நடுவில், திரும்ப வைத்தார். மேலே போய், மாதா படத்தையும் அதன் பின்னால் இருந்த உறையையும் எடுத்துக்கொண்டு, கதவைப் பூட்டிவிட்டுத் தெருவில் இறங்கி நடந்தார். யோகநாதன் பக்கம் திரும்பவில்லை.

துசியந்தனுக்குக் கண்டதைவிட, அதை எழுதவேண்டியிருப்பதுதான் கவலை. தண்டவாளம் அரசாங்கச் சொத்து. அதைக் கழற்றியதாக நீதிமன்றத்துக்குக் கொடுக்கும் சத்தியக்கடதாசியில் எழுதினால், எங்கிருந்து வந்தது, எங்கே போனது என்று கேள்வி வரும். பனை பழுதாகிவிட்டது என்று மட்டும் எழுதினால் போதும். அதை வைத்தது யார் என்று எழுதத் தேவையில்லை என்றார். யோகநாதன் ஒத்துக்கொள்ளவில்லை. வைத்தது யார் என்று எழுதாவிட்டால், எமில்டா வைத்தார் என்று நாளைக்கு ஒருவர் சொல்லலாம். "திறந்தால் முழுக்கத் திறக்கவேணும், தம்பி. பாதி திறந்த மிசினைப் பூட்ட ஏலாது" என்றார்.

அது இப்போது எங்கே என்பதற்குத்தான் அவரிடம் விடை இருக்கவில்லை. ஆகவே ஒரு செவ்வாய்க்கிழமை மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு விசுவமடுவுக்குப் போனார். காணியைக் கண்டுபிடிக்கவே நேரம் எடுத்தது. பதுங்குகுழி இருந்த இடத்தில் நிலக்கடலை போட்டிருந்தது. காணிக்காரரிடம் கேட்டபோது அவர் கையை நீட்டிக் காட்டினார். காணிக்கும் ஒழுங்கைக்கும் இடையில் ஓடும் வாய்க்காலின் குறுக்கே தண்டவாளம் கிடந்தது, அதன் பக்கத்தில் இரண்டு பனங்குற்றிகள், மேலே பலகைகள். யோகநாதன் பார்த்துக்கொண்டு நிற்கும்போதே ஒரு பெண் பசுவொன்றைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு அதன்மேல் நடந்து போனார். மாடு நடுவிலே நின்று தண்ணீரைக் குனிந்து பார்த்தது, பிறகு நடந்தது. பலகை கொஞ்சமும் வளையவில்லை.

தண்டவாளத்தைத் திரும்பக் கேட்கலாமா என்ற நினைப்பு போகும் வழியெல்லாம் அவருக்கு இருந்தது. காணிக்காரர் தேநீர் கொடுத்தார். குடித்துவிட்டு, கேட்காமலே திரும்பினார். சத்தியக்கடதாசியின் கடைசிப் பந்தியில், மேற்படி தண்டவாளம் விசுவமடுவில் ஒரு வாய்க்காலின் குறுக்கே பொதுப் பாவனையில் உள்ளது என்று எழுதச் சொன்னார்.

தவணை நாளில் நீதிமன்றத்தில் எமில்டா முன்வாங்கிலும் யோகநாதன் பின்வாங்கிலும் இருந்தார்கள். நீதிபதி சத்தியக்கடதாசியை முதலில் இருந்து கடைசிவரை வாசித்தார். பிறகு யதுர்ஷிகாவின் திருத்திய அறிக்கையை வாசித்தார். மேல்மாடிக் கடையை அகற்றத் தேவையில்லை. பனையை நீக்கி இரும்பு உத்தரம் இடுவது. அதைத் தாங்க நடுக்கடையின் மத்தியில் கொங்கிறீற் தூண் ஒன்று எழுப்புவது. தூணை ஒரு பக்கம் தள்ள முடியாதா என்று நீதிபதி கேட்டார். தள்ளினால் இரண்டு தூண்கள் வேண்டும், பக்கத்துக் கடைகளின் சுவரும் உடையும் என்று யதுர்ஷிகா விளக்கினார்.

நீதிபதி யோகநாதனை எழும்பச் சொன்னார். உங்கள் கடையின் நடுவில் தூண் வருகிறது. இந்தத் திட்டம் அங்கீகரிக்கப்பட்டபின் அதை மாற்றமுடியாது. ஆட்சேபம் உண்டா என்று கேட்டார்.

யோகநாதன் முன்வாங்கைப் பார்த்தார். எமில்டா திரும்பவில்லை. ஆனால் அவருடைய கை, மடியில் இருந்த பிளாத்திக்கு உறையின்மேல் அசையாமல் இருந்தது.

"ஆட்சேபம் இல்லை ஐயா. நடுவிலேயே வரட்டும்."

திட்டம் அங்கீகரிக்கப்பட்டது. ஏழாம் பிரிவு நீக்கப்பட்டது.

வேலை நான்கு மாதம் நடந்தது. கட்டடத்துக்குள் ஒருவரும் இருக்கமுடியாது. யோகநாதன் வளவின் ஓரத்தில் பெரிய தறப்பாள் ஒன்றைக் கூடாரம்போலக் கட்டினார். கட்டிவிட்டு, அதன் நடுவில் கயிறு போட்டுச் சேலையொன்றைத் தொங்கவிட்டு, மறுபாதியை வெறுமையாக விட்டார். ஒருவரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு கிழமை அந்தப் பாதி வெறுமையாகவே கிடந்தது. எட்டாம் நாள் காலையில் அவர் வந்தபோது, சேலைக்கு அப்பால் தையல் மெஷின் ஓடும் சத்தம் கேட்டது. அவர் சுத்தியலை எடுத்தார்.

மூன்று வாரம் சேலைக்கு இப்பால் சுத்தியலும் அப்பால் மெஷினுமாகவே கழிந்தது. ஒருநாள் கண்டாவளையிலிருந்து வந்த பழைய இயந்திரம் ஒன்றை முடுக்கியபோது, கறுத்த புகை தறப்பாள் முழுவதையும் நிறைத்தது. மெஷின் நின்றது.

"அண்ணை."

"என்ன தங்கச்சி?"

"பனையில நிக்கவைச்சது காணாதெண்டு, இப்ப அவிக்கவும் போறியளோ?"

யோகநாதன் இயந்திரத்தை நிறுத்தி, அதை வெளியே தெருவோரத்துக்கு இழுத்துக்கொண்டு போனார். அன்றிலிருந்து முடுக்கிப் பார்ப்பதெல்லாம் வெளியில்தான்.

இப்போது ஆறுகடைக் கட்டடம் நிமிர்ந்து நிற்கிறது. நடுக்கடையின் நட்டநடுவில் தூண் நிற்கிறது. உள்ளே வருகிறவர்கள் எல்லோரும் முதலில் அதைத்தான் பார்ப்பார்கள். ஏன் இந்த இடத்தில் என்று கேட்பார்கள். யோகநாதன் கதிரையை இழுத்துப் போட்டுக் காரணத்தைச் சொல்வார். லாண்ட்மாஸ்டர் வந்தால் தறப்பாளின் கீழ்தான் வேலை. அந்தத் தறப்பாளை அவர் அவிழ்க்கவேயில்லை. தூணில் நான்கு ஆணி அடித்து, இயந்திரப் பட்டிகளை அளவு வாரியாகத் தொங்கவிட்டிருக்கிறார்.

தூணின் உச்சியில், அது உத்தரத்தைத் தொடும் இடத்தில், யதுர்ஷிகா போகும்போது புதிதாக ஒரு கண்ணாடித் துண்டு ஒட்டித் திகதி எழுதிவிட்டுப் போனார். மாதத்துக்கு ஒருமுறை பார்க்கவேண்டும் என்றார். முதல் மாதம் யோகநாதன் பார்த்துவிட்டு, படிக்கட்டின் அடியில் நின்று, கண்ணாடி உடையவில்லை, எல்லாம் சரி என்று மேலே குரல் கொடுத்தார்.

மெஷின் நின்றது. எமில்டா ஊசி நூலை வாயில் வைத்தபடியே இறங்கி வந்தார். ஏணியைத் தாமே இழுத்து வைத்து, ஏறி, கண்ணாடியை விரலால் தடவிப் பார்த்தார். இறங்கினார். "ஓம், சரிதான்" என்று சொல்லிவிட்டு மேலே போனார்.

அது முதல், மாதத்தின் முதல் திங்கட்கிழமைகளில் யோகநாதன் குரல் கொடுப்பதில்லை. ஏணியைத் தூணோடு சாத்திவைத்து, கதிரையைப் பக்கத்தில் போட்டுவிட்டு, சொந்தக்காரர் வரும்வரைக்கும் காத்திருப்பார்.